எட்டாவது ஈரம்

அரசுக் கூடங்களை ஒதுக்கும் விதிகளில் பதினொன்றாவது இப்படிச் சொல்லும்: பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே கூடத்தைப் பயன்படுத்தலாம், தொடர்ந்து பதினைந்து நாள் வராதவரின் பெயரைப் பொறுப்பாளர் நீக்கிவிட வேண்டும். வராமலே வந்துகொண்டிருப்பவரை என்ன செய்வது என்று அதில் இல்லை. நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பேய் பிசாசுக்கெல்லாம் என்னிடம் கோப்பு கிடையாது, நம்பிக்கையும் கிடையாது, அன்றும் இல்லை இன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். சிரிப்பதென்றால் கடைசியில் சிரியுங்கள்.

1979. பெரிய வாய்க்கால் ஓரம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்றைக் கூடமாக்கி என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். தினமும் நாலிலிருந்து ஆறு வரை ஒரு நடனக் குழு அதை எடுத்திருந்தது. நடனம் என்றதும் சலங்கை, பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பாரீசிலிருந்து திரும்பிய மதாம் ரொசாலி என்ற நம்மூர்ப் பெண்மணி நவீன நடனம் என்று சொல்லி, மில் தொழிலாளி, டீச்சர், தையல்காரி என்று எட்டுப் பேரை ஓடவிட்டு, விழவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் உருளவிட்டுக்கொண்டிருந்தார். கிளாரினெட்டுக்கு ஒருவர், தவிலுக்குச் சேகர். கடைசி ஐந்து நிமிஷம் தவில் மெல்ல ஒலிக்க, எட்டுப் பேரும் தரையில் படுத்துக் கிடப்பார்கள். எழுந்து போனால் சிவப்பு சிமெண்டுத் தரையில் எட்டு வியர்வை உருவங்கள், தலை, முதுகு, குதிகால் சகிதம். மனிதர்கள் இப்படி ஒழுகுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வாடைக்குப் பயந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் டீ குடிப்பேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் வராவிட்டால் அவர் இடத்துக்கு யாரும் வரக்கூடாது. பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டு மாதிரி அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆள் இருப்பது போலவே சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். சேகரின் தங்கை வசந்தாதான் நான் சொன்ன தையல்காரி. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இங்கே ஏழு பேர் ஆடினார்கள், ஒரு காலியிடத்தோடு.

நாலைந்து நாள் கழித்து, கூட்டிப் பெருக்கும் பச்சையம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஏழு பேருதான படுத்தாங்க. தடம் எட்டு இருக்குது."

எண்ணத் தெரியாதா என்றேன்.

"தெனம் ஆறு புள்ளைங்கள எண்ணித்தான் சோறு போடறேன். நீங்க வந்து எண்ணுங்க."

போய் எண்ணினேன். எட்டு. ஏழு தடங்கள் கண்ணெதிரே காய்ந்தன. காலியிடத்தில் இருந்தது காயவில்லை. வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிய உருவம், ஓரமெல்லாம் மஞ்சள். புளித்த வியர்வையும் அரைத்த கீழாநெல்லியும் கலந்த வாடை. பச்சையம்மா வாளியோடு குழாயடிக்குப் போன சமயம், கூரை ஒழுகலா என்று பார்க்கக் குனிந்து கட்டைவிரலால் தொட்டேன். பிசுபிசுவென்று இருந்தது. சூடாகவும் இருந்தது, காய்ச்சல்காரர் தோளைத் தொட்ட மாதிரி. கர்ச்சீப்பில் துடைத்து, வெளியே போய் அந்தக் கர்ச்சீப்பையே வாய்க்காலில் எறிந்தேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

பினாயில் ஊற்றினோம், சோடா போட்டோம், ஆசிட் கூடப் போட்டோம். மறுநாள் ஆறு மணிக்கு அது திரும்ப இருக்கும். தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்: தரையில் ஈரம், பொறியாளரை அனுப்புக, மேலும், நோயுற்றவரின் பெயரை விதி பதினொன்றின்படி நீக்கத்தான் வேண்டுமா, விளக்குக. ஒரே கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அருவருப்பில் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.

பதினைந்தாம் நாள் சேகர் வந்தான். பேரை அடிக்காதீர்கள், டாக்டர் தேறிவருவதாகச் சொல்கிறார், அவள் இடம் அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினான். தினமும் ராத்திரி அவன் போகும்போது, அன்றைய ஒத்திகையில் யார் கால் இடறினார்கள், யார் தாளம் தப்பினார்கள் என்று அவளே அவனுக்குச் சொல்கிறாளாம். ஜுரத்தில் உளறுவாள் என்றேன்.

அவன் என் விரலைப் பார்த்தான். "ஹால் சார் எந்தோள கட்டவெரலால தொட்டாரு, தொட்டுட்டு கர்ச்சீப்பயே வாய்க்கால்ல போட்டுட்டாருன்னு சொன்னா சார். அவ்ளோ அருவருப்பாவா இருக்கறேன்னு கேட்டு அழுதா."

அவன் போனதும் சிவப்பு மையால் எட்டாவது பெயரின் மேல் கோடு போட்டேன். விதிப்படிதான் செய்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் பயந்துபோய்ச் செய்தேன். அதோடு விட்டேனா, ஏழு பெயருக்கு ஏழு இடம்தான், காலியிடம் கூடாது என்று மதாமிடம் கறாராகச் சொன்னேன். அப்படி எந்த விதியும் கிடையாது.

மதாம் பட்டியலைப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் நன்றி சொன்னார். "மெர்சி, முசியே. ஒரு ஆள வெளிய தள்ள உங்களுக்கு ஒரு கோடு போதும்." அன்று அவர்கள் நெருக்கிக்கொண்டு ஆடினார்கள். தரையில் ஏழு தடங்கள், ஏழும் காய்ந்தன. நான் கதவைத் திறந்து வைத்து டீ குடித்தேன்.

வசந்தா பிழைத்தாள். ஒரு மாதத்தில் புது விண்ணப்பத்தோடு வந்து ஆடவும் செய்தாள். பத்து நிமிஷத்தில் முகம் மிளகாய்ப் பழமாகிச் சுருண்டு விழுந்தாள். மற்ற எல்லாரும் தொப்பலாக நனைந்திருக்க, அவள் ரவிக்கையில் ஒரு பொட்டு ஈரமில்லை. எழுப்பி உட்காரவைத்தார்கள். அவள் கிடந்த தரை பொடிபறக்கக் காய்ந்திருந்தது.

மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "நீங்க கோடு போட்ட அன்னிலேர்ந்து ஒரு சொட்டு வேர்க்கல சார். ஒடம்பு உள்ளயே வேவுது. ஆடவே முடியல. இப்ப தரை உங்களுக்கு சுத்தமா இருக்குதா?"

ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், பலனில்லை. அவள் ஆட்டத்தை விட்டாள். வெயில் காலமெல்லாம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பதை முத்தியால்பேட்டை வழியாகப் போகும்போது பார்ப்பேன், பார்த்தால் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். நினைவூட்டல் கடிதம் இரண்டு முறை அனுப்பினேன். அதற்கும் பதிலில்லை. மதாம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு காலைத் தபாலில் அந்தப் பதில் வந்தது. என் கடிதத்துக்கு நாலாம் நாளே கையெழுத்தான பதில், அதாவது நான் கோடு போடுவதற்கு முன்பே. எவன் மேசைக்கடியில் கிடந்ததோ. "நோயுற்றவரின் பெயரை நீக்க வேண்டாம். அவரது இடம் அப்படியே இருக்கட்டும். தரை ஈரம் குறித்துத் தனியே எழுதவும்." பழைய பட்டியலைத் தேடி எடுத்து, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் 'நீக்கம் ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நேரமும் குறித்தேன், பதினொன்றே கால். யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் சேகர் மூச்சிரைக்க வந்தான். என்னிடம் ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சார், பதினொன்னே கால் இருக்கும். மெஷின்ல தெச்சிக்கினு இருந்தா. திடீர்னு வேர்த்து ஊத்துது சார். தெக்கிற துணியெல்லாம் நனஞ்சிபோச்சி. அழுவறா, சிரிக்கிறா, தொடைக்க வுட மாட்டேங்கறா."

அவனை அனுப்பிவிட்டுக் கூடத்தைத் திறந்தேன். அது இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. தரை நடுவில் அதே ஈரம், முழங்கால் மடக்கி. வாடையும் அதேதான். இந்த முறை நான் மூக்கைப் பொத்தவில்லை. தோள் இருக்கும் இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காய்ந்த வட்டம் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாலும் அதில் மட்டும் ஈரம் ஏறவேயில்லை. அன்று நான் தொட்ட இடம் அது. தபால் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: பதில் வந்து சேர்ந்த நாள், 1984 மே 8.