சிறகில் பனி காயும் முன்

மாசி மாதம், காலை ஆறு மணி. நானும் என் மனைவி வசந்தியும் நன்னிலத்திலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினோம். நன்னிலம் அவள் பிறந்த ஊர். நான் தஞ்சாவூரில் வடமொழி கற்பித்து ஓய்வு பெற்றவன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான் கோயில் மலரில் எழுதிய ஒரு கட்டுரை. மனைவியைப் பிரிந்த ஒருவன் பறவையைத் தூது விடும் பழைய வடமொழி நூல் ஒன்று உண்டு. அவள் இருக்கும் நகரத்தின் பெயரை அது சொல்லாது. தாமரைக் குளம், கரும்பு, நெல் என்று வர்ணிக்கும். அது நன்னிலமேதான் என்று அடித்து எழுதிவிட்டேன். இந்த மூன்றும் இல்லாத ஊர் சோழநாட்டில் ஏது? எல்லா நகரத்துக்கும் ஒரே சட்டையை மாட்டுவது அந்தப் புலவர்களின் வழக்கம். அளவெடுத்துத் தைத்ததாக நம்புவது எங்களைப் போன்றவர்களின் கோளாறு.

சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய என் மைத்துனன் செந்தில் ஊர் முகப்பில் வளைவு கட்டுகிறான். அதில் இந்தப் பெருமையைப் பொறிக்க நாளை கல் வெட்டும் ஆள் வருகிறார். முந்தாநாள்தான், என் பிரதியில் விடுபட்டிருந்த ஒரு செய்யுள் கைக்குக் கிடைத்தது. விடியலில் நகரத்தை விட்டுக் கிளம்பும் பறவைக்கு, சிறகில் பனி காயும் முன்பே கடலோர உப்புக் குவியல்கள் தெரியுமாம். இந்தப் பக்கத்தில் உப்பளம் என்றால் வேதாரண்யம்தான்; நன்னிலத்திலிருந்து பனி காயும் முன் அது எட்டுமா என்று நேரில் பார்த்துவிட நினைத்தேன்.

திருவாரூரில் பேருந்து மாறினோம். அறுத்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. காலி மீன் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, எங்கள் பேச்சு காதில் விழுந்து கேட்டார்:

“உப்பளம் பாக்கவா இவ்ளோ தூரம் வர்றீங்க?”

“ஒரு பறவை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்துச்சுன்னு இவருக்குத் தெரியணுமாம்,” என்றாள் வசந்தி.

“வந்துச்சா?”

“இனிமேதான் தெரியும்.”

திருத்துறைப்பூண்டி வருவதற்குள் ஜன்னல் கம்பியில் பனி காய்ந்துவிட்டது. பறவைக்கு நேர்வழி என்று சலுகை கொடுத்துப் பார்த்தேன். எழுபது எண்பது கிலோமீட்டர் சாலையை எவ்வளவு சுருக்கினாலும் கணக்கு உதைத்தது. வேதாரண்யத்தில் இறங்கி உப்பளத்துக்குப் போனபோது வெயில் சுள்ளென்று அடித்தது. குவித்த உப்பைப் பார்க்கக் கண் கூசியது. அங்கிருந்தே செந்திலைக் கூப்பிட்டேன்.

“அதை வெட்ட வேணாம் செந்தில். அது உங்க ஊர் இல்ல.”

“அப்ப எந்த ஊருங்க அத்தான்?”

“தெரியலப்பா.”

“சரிங்க அத்தான். ஊர் பேரை மட்டும் போடச் சொல்றேன்.”

அவன் கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது. வசந்தி உப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க ஊரை நீங்க உசத்தியா சொன்னது அது ஒண்ணுதான். அதுவும் போச்சு.”

உண்மைதான். கொசு, சேறு என்று அவள் ஊரைக் கிண்டலடித்தே காலத்தை ஓட்டியவன் நான். திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“உங்க செய்யுள் எதையும் இழுக்காம, எங்க ஊரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க பாப்போம்.”

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தது அங்கதானே.”

திருத்துறைப்பூண்டியில் இறங்கி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. கண்டக்டர் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி முந்திக்கொண்டாள்.

“திருவாரூர் ரெண்டு கொடுங்க. அங்கேருந்து நன்னிலம் போவணும்.”