நம்மாளு கட்டிய பாத்ரூம்

பீகாருக்குப் போயிருந்த எங்கள் டைல்ஸ் மேஸ்திரியைப் போன மாதம் புனேவின் ஹடப்சரில் பார்த்தேன்.

தனியாக இல்லை. அவரோடு பீகாருக்குப் போயிருந்த மற்ற இருவரும் கூடவே இருந்தார்கள். ஒரு புதிய அடுக்ககத்தின் வாசலில், டெம்போவிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சட் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அன்று காலைதான் எங்கள் கான்ட்ராக்டர் செல்வம் போனில் வருத்தப்பட்டிருந்தார். மதியத்துக்குள் டிக்கெட் கிடைத்து, புனேவுக்கும் வந்து, வேலையும் தொடங்கிவிட்டது. இந்திய ரயில்வேயை நாம்தான் சும்மா குறை சொல்கிறோம்.

நான் கம்பெனி வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மேஸ்திரி என்னைக் கண்டு ஒளியவில்லை. "நமஸ்தே அங்கிள்" என்று முகம் மலரக் கை தூக்கினார். அவர் பீகாரில் இருக்கிறார் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

கதையை முறையாகச் சொல்கிறேன்.

அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். அப்பா போனதிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அவளும் மறுத்துக்கொண்டே இருந்தாள். 'அங்கன யாரு இருக்கா, யாருகிட்ட பேச' என்பதுதான் பதில். போன கோடையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், தானே போன் செய்து வருகிறேன் என்றாள். ஒரே நிபந்தனை. பாத்ரூமில் படி இருக்கக் கூடாது, வழுக்கக் கூடாது, உட்கார்கிற மாதிரி கமோடு வேண்டும்.

நாங்கள் இருப்பது சிஞ்ச்வடில் ஒரு பழைய அடுக்குமாடிச் சொசைட்டி. படுக்கையறைக்குள் குறுகலாக ஒன்று உண்டு, அது எங்களுக்கு. ஹாலை ஒட்டிய கழிப்பறை தனி, குளியலறை தனி. இரண்டிலும் வாசலில் ஒரு படி. நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிவிட்டால் அம்மாவுக்குத் தோதாக இருக்கும். பெரிய வேலை இல்லை. மூன்று வாரம் என்றார் செல்வம்.

செல்வத்தை எப்படிப் பிடித்தேன்? எல்லாத் தமிழர்களும் பிடிக்கிற மாதிரிதான். 'நம்மாளு யாராவது இருக்காங்களா' என்று விசாரித்தேன். தேஹு ரோட்டில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவ டெப்போ வேலைக்கு வந்த குடும்பம். வந்தார். அண்ணே என்றார். என் மனைவி மாலதியை அண்ணி என்றார். ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு, இந்த ஊரில் இதற்குத்தான் ஏங்குகிறேன் என்றார். விழுந்துவிட்டேன்.

ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்று நான் கேட்டது உண்மை. அவர் முகம் சுண்டிப் போனது. "நமக்குள்ள எதுக்குண்ணே பேப்பரு?" என்றார். நான்தான் கூசிப்போய், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன் என்று சமாளித்தேன்.

எழுதாத ஒப்பந்தத்தில் முதல் விதியை அன்றே அவர் சேர்த்துவிட்டார். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் வீட்டில் கை வைக்க வேண்டாம். எனக்கு ஆடியில் நம்பிக்கை இல்லை. ஆனால் புனேவில் ஒருவர் ஆடியை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்பதே நெகிழ்ச்சியாக இருந்தது. அம்மாவும் சொன்னாள். "சரியாத்தான சொல்லுதான். ஆடி கழியட்டும்."

ஆவணி பிறந்த வாரம் வந்து சுவரை உடைத்தார்கள். ஒரே நாளில். கழிப்பறை, குளியலறை, தரை, குழாய்... எல்லாம். அந்த வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். செல்வத்தின் வேலையில் வேகமாக நடப்பது அது ஒன்றுதான் என்று அப்போது தெரியாது.

அப்புறம் கணபதி வந்தார். பிளம்பர் கொங்கண் பக்கத்துக்காரர், கணபதிக்கு ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. கணபதியைக் கரைத்த மறுநாளே பித்ரு பட்சம். முன்னோர்களுக்கான அந்தப் பதினைந்து நாளில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள் மராட்டியர்கள். கமோடு பொருத்துவது புது வேலையில் சேருமா? சேரும் என்றார் செல்வம். பிறகு நவராத்திரி, தசரா, தீபாவளி. தீபாவளி முடிந்ததும் பீகாரிகளுக்குச் சட். மூன்று மாநிலத்துப் பஞ்சாங்கங்களும் எங்கள் பாத்ரூமில் வந்து உட்கார்ந்துகொண்டன. அம்மாவுக்குத்தான் உட்கார இடமில்லை.

பண்டிகை இல்லாத நாளில் சொசைட்டி விதி. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சுத்தியல் சத்தம் கூடாது. புனேக்காரர்களின் மதியத் தூக்கம் அப்படி. அதற்குள் எப்படி வேலை செய்வது என்று செல்வம் அலுத்துக்கொள்வார். காலையில் ஏன் ஆள் வரவில்லை என்பதற்கு அது எப்படிப் பதிலாகும்? கேட்கத்தான் நினைப்பேன். அதற்குள், 'அண்ணே, சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவிடுவார்.

புதுக் கமோடு அட்டைப்பெட்டியோடு ஹாலில் நின்றது. முதல் மாதம் அதைச் சுற்றி நடந்தோம். இரண்டாவது மாதம் அதன்மேல் பேப்பர் வைக்கத் தொடங்கினோம். தீபாவளிக்கு வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டையே அதன்மேல்தான் வைத்தாள் மாலதி. யாரும் எதுவும் கேட்கவில்லை. பண்பானவர்கள்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. நான் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருப்பவன். சப்ளையர் ஒரு நாள் தாமதித்தால் மெயில் போகும். இரண்டாம் நாள் அவருடைய முதலாளிக்குப் போகும். என் டைரியில் எந்தச் சப்ளையர் என்ன காரணம் சொன்னார் என்பதுவரை இருக்கும். அப்படிப்பட்ட நான், செல்வத்திடம் ஒவ்வொரு முறையும் பேச்சை எப்படி முடித்தேன் தெரியுமா? 'பரவாயில்ல செல்வம், கொஞ்சம் பாத்து பண்ணுங்க.'

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்வேன். தீபாவளிக்கு அடுத்த வாரத்துக்கு அவளுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்ததைச் சொன்னபோது, சரி என்றாள். அடுத்த வாரம் இன்னும் முடியவில்லை என்றேன், சரி என்றாள். அதற்கடுத்த வாரம், நிறுத்தியிருந்த பாலை மறுபடி ஊற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இந்த நிலையில்தான் ஹடப்சர்.

டெம்போவுக்குப் பின்னாலிருந்து செல்வம் வந்தார். கொஞ்சமாவது திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "வாங்கண்ணே, இன்னா இந்தப் பக்கம்?" என்று என்னைத் தோளோடு அணைத்து எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போய், இரண்டு கட்டிங் சாய் சொன்னார்.

பீகார் என்னாயிற்று என்று கேட்டேன். சிரித்தார். இந்த வீட்டுக்காரர் சரியான கிட்கிட் என்றார். நச்சரிப்புக்கு இந்த ஊரில் அப்படித்தான் பெயர். தினமும் போன், தினமும் போட்டோ கேட்கிறார், ஒரு நாள் தள்ளினால் வக்கீல் நோட்டீஸ் என்கிறார், என்ன செய்வது என்று என்னிடமே நியாயம் கேட்டார். எப்போது தொடங்கிய வேலை இது என்று கேட்டேன். ஜூலைக் கடைசி என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது உறைத்ததும் தேநீரை ஊதினார்.

ஜூலைக் கடைசி என்றால் ஆடி.

"எங்க வீட்டுல மட்டும்தான் ஆடியா செல்வம்?"

"அண்ணே, டென்ஷன் ஆவாதீங்க. இந்தாளு கேஸ் போட்ருவான். நீங்க போடுவீங்களா? நீங்க நம்மாளு. பொறுத்துக்குவீங்க. அதுவுமில்லாம உங்க வீட்டுல ஒடைச்சாச்சு. ஒடைச்ச வீடு எங்கண்ணே போவப்போவுது?"

அவர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பாராட்டாகச் சொன்னார். அதுதான் எரிந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் 'நம்மாளு' என்று தேடிப் போவது எதற்கு? நமக்கு ஒரு படி முன்னுரிமை கிடைக்கும் என்றுதானே? நடப்பது நேர் எதிர். அந்நியனுக்குப் பயப்படுவார்கள். அவன் வேலை முதலில் முடியும். நம்மாளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, அதனால் நம்மாளு வரிசையில் கடைசி. உறவு சொல்லிக் கூப்பிடுவது அன்பினால் அல்ல... தவணை வாங்குவதற்கு. நீங்களும் யாரையாவது அண்ணே, அண்ணி என்று கூப்பிடவிட்டு ஏதாவது வேலை கொடுத்திருந்தால், இப்போதே போய்ச் சுவர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன செய்தேன்? சாய்க்குக் காசு கொடுத்தேன். ஆமாம், நான்தான்.

வீட்டுக்கு வந்து மாலதியிடம் சொன்னேன். அவள் இதே புனேவில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். முழுதும் கேட்டுவிட்டு, "நீங்க அவன்கிட்ட தமிழ்ல பேசறதுதான் தப்பு. தமிழ்ல உங்களுக்குக் கோவமே வராது" என்றாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

செல்வம் வழக்கம்போல, "சொல்லுங்க அண்ணி" என்றார்.

மாலதி இந்தியில் ஆரம்பித்தாள். அழகான, மரியாதையான, பனிக்கட்டி மாதிரியான இந்தி. செல்வம்ஜி, நாளைக் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதினொன்றுக்கு நான் ஹடப்சரில் இருப்பேன். அந்த வீட்டுக்காரரைப் பார்த்து, அவர் வேலையாட்கள் உண்மையில் யாருடைய வேலையாட்கள், இன்னும் எத்தனை வீடு உடைந்து கிடக்கிறது என்று சொல்வேன். வக்கீல் வைத்திருக்கிறாராமே... எங்களுக்கும் அவரே போதும்.

செல்வம் தமிழில் ஏதோ தொடங்கினார். மாலதி இந்தியிலேயே குறுக்கிட்டு, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னாள். கடைசியில் அவரும் இந்திக்கு மாறினார்.

"டீக் ஹை, மேடம்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் பத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து நாலு வரை சத்தமில்லாத வேலைகள் எத்தனை இருக்கின்றன என்பதை அன்றுதான் பார்த்தேன். பிளம்பர் வந்தார், கதவு போடுபவர் வந்தார், கமோடு ஹாலை விட்டுப் போனது. மார்கழி பிறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. செல்வம் கடைசி நாளில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைச் 'சார்ஜி' என்றார். காபி கொடுத்தோம். பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையைக் கழுவும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. எவ்வளவு மோசமான வியாதி பாருங்கள் இது.

வேலையைக் குறை சொல்ல முடியாது. சொரசொரப்பான தரை. படி கிடையாது. கமோடுக்குப் பக்கத்துச் சுவரில் எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி. விளக்கைப் போட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பொங்கலுக்கு முன் டிக்கெட் இருக்கிறதா என்றும் பார்த்து வைத்தேன். பிறகு போன் செய்தேன்.

"நல்லா இருக்குய்யா. வெள்ள வெளேர்னு இருக்கு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இங்கயும் போட்டாச்சு" என்றாள்.

"எதம்மா?"

"அதான்... உக்காருத மாதிரி. அடுத்த தெரு கொத்தனார்தான். படியையும் எடுத்துட்டான். கார்த்திகைக்கு முந்தியே முடிஞ்சிட்டு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயும் அங்கே அதையே செய்துகொண்டிருக்கிறாய், சொன்னால் சங்கடப்படுவாய் என்று இருந்துவிட்டாளாம்.

"அப்ப வரலையாம்மா?"

"இனி அங்கன வந்து என்னய்யா செய்ய? இப்பம் பயமில்ல. முட்டு வலியோட ரெண்டு நாளு ரயில்ல கெடக்கணும். குளிரு வேற."

அவளிடம் வாதாட என்ன இருக்கிறது? அம்மா என்னோடு இருக்க ஆசைப்பட்டு வர ஒப்புக்கொள்ளவில்லை. விழுந்த பயத்தில் ஒப்புக்கொண்டாள். பயம் இருக்கும்போதே கூட்டி வந்திருக்க வேண்டும். நாங்கள் ஆடி கழியட்டும் என்று இருந்தோம். ஒவ்வொரு பண்டிகையாகக் கழிந்து, கடைசியில் பயமும் கழிந்துவிட்டது. இந்தச் சம்மதம் இனி ஒருமுறை வேண்டுமென்றால் அவள் இன்னொரு முறை விழ வேண்டும். அதை எந்த மகன் வேண்டிக்கொள்வான்?

நஷ்டஈடு கேட்கலாம்தான். எந்தத் தலைப்பில் கேட்பது?

போனை வைக்கப் போனவள், மறுபடி கூப்பிட்டாள்.

"அந்தக் கைப்பிடியக் கழட்டிராத. இருக்கட்டும். உனக்கும் வயசு ஆகுதுல்லா."

அந்தக் கணக்கில் பார்த்தால், செல்வம் வேலையைக் கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்திருக்கிறார்.