எட்டில் நிற்பவன்

நான் ஏமாற்றியவன். எங்கள் அடுக்ககத்திலேயே அகலமான கார் நிறுத்தும் இடத்தை, சங்கச் செயலாளராக இருந்துகொண்டு, எல்லோரும் கைதட்டக் கைதட்ட எனக்கே ஒதுக்கிக்கொண்டவன்!

கைதட்டினார்கள் என்பதுதான் இதில் விசேஷம். திருடனுக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வாருங்கள். அந்தப் பொன்னாடை இன்னும் என் பீரோவில் மடித்தபடி இருக்கிறது.

எங்களுடையது பத்தே வீடுகள் கொண்ட அடுக்ககம். கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், அவற்றுக்கு நடுவே கார்கள். கட்டிக்கொடுத்தவர் பத்து இடங்களுக்கு ஒரே வரிசையாகக் கோடு போட்டுவிட்டு அடுத்த மனைக்குக் கிளம்பிவிட்டார். ஒன்பது இடங்களில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் காரிலிருந்து இறங்க முடியும். ஒன்றே ஒன்றில் மட்டும், லிஃப்டுக்கு நேர் எதிரில், இரு பக்கமும் கதவை விரியத் திறக்கலாம். அதைப் பார்த்த நாள்முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை... ஆம், ஒரு கார் நிறுத்தத்தின்மேல் காதல்!

யாருக்கு எந்த இடம் என்று முடிவெடுக்கக் கூடிய கூட்டங்கள் எல்லாம் சண்டையில் முடிந்தன. கடைசியில் ஒரு வழி கண்டோம். சீட்டுக் குலுக்குவது, பெயர் வருகிற வரிசையில் அவரவர் இடத்தைத் தேர்ந்துகொள்வது. அதற்கு முன் இடங்களுக்கு எண் எழுத வேண்டுமே!

"நீங்கதான் கணக்கு வாத்தியாராச்சே சார், நீங்களே எழுதிடுங்க" என்றார்கள்.

குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் நான். ஞாயிறு மதியம், மஞ்சள் பெயிண்டும் பிரஷுமாகக் கீழே இறங்கினேன். வாசலிலிருந்து எண்ணினால் என் காதலி மூன்றாம் எண். பிரஷைத் தோய்த்துவிட்டேன். அப்போதுதான் அந்த யோசனை... பின்சுவரிலிருந்து எண்ணினால்?

எட்டு!

எங்கள் ஆட்களை நீங்கள் அறியமாட்டீர்கள். எல்லோரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். ஆனால் புதுக் காரின் எண்ணைக் கூட்டி எட்டு வந்தால் ஷோரூமிலேயே தகராறு செய்பவர்கள். சனி பகவானின் எண் அல்லவா! நான் பொய் சொல்லவில்லை. கள்ளச்சீட்டு வைக்கவில்லை. பின்சுவரிலிருந்து எண்ணத் தொடங்கினேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

குலுக்கலில் முதல் பெயர் இரண்டாம் மாடி கார்த்திக். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர். நேராக அந்த அகலமான இடத்துக்குப் போனார். நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல சார். ஆனா மாமியார் கூட இருக்காங்க..." என்று ஒன்பதுக்கு நகர்ந்துவிட்டார்.

அடுத்து, எதிர் வீட்டுத் தேவகி மேடம். எட்டின் பக்கம் திரும்பவே இல்லை. "ஏழரை இப்பத்தான் முடிஞ்சுது சார், ஆளை விடுங்க!" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு தூண்களுக்கு நடுவே இருந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக எட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் பெயர் வந்தது. முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"யாராவது ஒருத்தர் அதுல நின்னுதானே ஆகணும்? நான் நிக்கறேன்."

என்ன கைதட்டல்! கார்த்திக் என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பொங்கல் விழாவில் பொன்னாடை.

அன்று முதல் நான் தியாகி. என் வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் ஊரே வருத்தப்படும். ஒருநாள் டயர் பஞ்சராகி நின்றேன். வாட்ச்மேன் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் நீ! தெரிஞ்சே சனி மேல வண்டிய ஏத்தி வெச்சுகினு கீறியே!"

"என்ன பண்றது ஏழுமலை, யாராவது நிக்கணுமே" என்று பெருமூச்சு விட்டேன். எவ்வளவு இனிமையான பெருமூச்சு அது! இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்திருக்கக் கூடாது... ஆனாலும் வருகிறது.

பிறகு தேவகி மேடத்தின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது.

ஐந்தாம் எண்ணில் கார்க்கதவு பாதிதான் திறக்கும். பாதிக் கதவில் அவரை எப்படி ஏற்றுவது? ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் காரைத் தெருவுக்குக் கொண்டுபோய், அவரைச் சக்கர நாற்காலியில் சரிவில் இறக்கி, நடுத்தெருவில் வைத்து ஏற்றுவார்கள். மழை பெய்தால் நான் ஓடிப்போய்க் குடை பிடிப்பேன்.

"இந்த மனசு யாருக்கு சார் வரும்!" என்பார் மேடம்.

பின்னால், லிஃப்டுக்கு எதிரில், என் எட்டு விசாலமாகக் கிடக்கும்.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். "மேடம், நீங்க எட்டை எடுத்துக்குங்க. கதவு முழுசா திறக்கும்" என்று கேட்டேன்.

"ஐயையோ! பட்டது போதாதா சார்? எட்டுல வேற கொண்டுபோய் அவரை இறக்கணுமா?"

சங்கக் கூட்டத்தில் வேறு வழியில் முயன்றேன். எண்களை அழித்து, வாசலிலிருந்து புதிதாக எழுதலாம் என்றேன். கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தார். "பெயிண்ட் மாத்துனா சனி போயிடுவாரா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். 'சனி அங்கே வரவே இல்லை, நான்தான் பிரஷால் அழைத்து வந்தேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது! அந்த நேரம் பார்த்து மெதுவடைத் தட்டு வந்தது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கோழையா நான்? இல்லை, தியாகிப் பட்டத்தை விட மனமில்லாதவனா? இரண்டும்தான் என்று படுகிறது.

போன சனிக்கிழமை கோயிலிலிருந்து வந்த தேவகி மேடம் என் வீட்டு மணியை அடித்தார். கையில் தொன்னை நிறைய எள் சாதம்.

"உங்ககிட்ட சொல்லிக்கிட்டதில்ல சார். சனிக்கிழமையானா உங்க பேருக்கும் ஒரு எள் தீபம் போடறேன்."

"எனக்கா? எதுக்கு மேடம்?"

"பின்ன? எங்க எல்லாருக்காகவும் எட்டுல நிக்கறீங்களே! இவரை உயிரோட விட்டுதேன்னு நினைச்சுக்கறேன். அதுல நாங்க நின்னிருந்தா என்ன ஆயிருக்குமோ..." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க தைரியமா நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

இனி நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவருக்கு இடம் கிடைக்கும். அந்த ஆறுதல் போய்விடும்... பார்த்தீர்களா, இதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டேன்! பின்சுவரிலிருந்து எண்ணுகிற புத்தி லேசில் போகுமா?

இன்று காலை நல்ல மழை. தெருவில் குடை பிடித்து மேடத்தின் கணவரைக் காரில் ஏற்றிவிட்டேன். அவர் இடது கையால் என் கையைப் பிடித்து அழுத்தினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, அவருடையது.

பிறகு பள்ளிக்குக் கிளம்ப என் காரிடம் வந்தேன். கதவு முழுசாகத் திறந்தது.