கதவு எண் அண்ணனுக்கு, வீடு தம்பிக்கு

ஒரு நிறுவனத்துக்காக வாங்கப்படும் எதுவும் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கப்பட வேண்டும். அதை நடத்துகிறவரின் பெயரிலோ, அவருடைய பிள்ளையின் பெயரிலோ அல்ல. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டு, மச்சான் பெயரில் பதிவு செய்துவிட்டுப் போனார்கள்.

ஓய்வுக்குப் பிறகு இலுப்பூர் பக்கம் ஒரு சிறிய தனியார் பள்ளியில் அலுவலக மேலாளராகச் சேர்ந்தேன். முத்தையா என்பவர் தொடங்கிய பள்ளி. அவர்தான் தாளாளர். நான் சேர்ந்த வருடம் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த இணையதளம் இருக்க வேண்டும், கட்டடச் சான்றும் தீயணைப்புச் சான்றும் அதில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அங்கீகாரம் இல்லையென்றால் பள்ளி இல்லை.

1. பெயர் வாங்கியது

பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ரபீக் லேப்டாப்போடு வந்தார்.

“டொமைன்ங்கிறது வெப்சைட்டோட பேரு, கதவு நம்பர் மாதிரி சார். ஹோஸ்டிங்ங்கிறது வீடு. ரெண்டையும் தனித்தனியா வாங்கணும்.”

பள்ளியின் பெயரில், பள்ளியின் மெயிலில், அலுவலக போன் எண்ணில் இரண்டையும் வாங்கலாம் என்றேன். தாளாளர் ஒப்பவில்லை.

“அது எப்படிங்க? நம்ம வீட்டுல எதை ஆரம்பிச்சாலும் பெரியவன் பேர்லதான். போர் போட்டது, டிராக்டர் எடுத்தது எல்லாம் அவன் பேருதான்.”

“டிராக்டருக்கு ஓடிபி வராதுங்க.”

“மஸ்கட்ல இருந்தாலும் அப்பன் கூப்பிட்டா போன எடுப்பான். நீங்க போடுங்க.”

மூத்த மகன் ராஜேந்திரன் பெயரில், அவருடைய மெயிலில் டொமைன் வாங்கப்பட்டது. பள்ளியை உண்மையில் நடத்திவந்த இளைய மகன் சுந்தரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வாடியதைக் கண்டு, ஹோஸ்டிங்கை அவர் பெயரில் போடச் சொன்னார் தாளாளர். அதாவது, கதவு எண் அண்ணனுக்கு, வீடு தம்பிக்கு. நான் பதிவு செய்த பாகப்பிரிவினைகளில் இவ்வளவு சுமுகமானது வேறில்லை.

தளம் வந்தது. தாளாளர் அதில் தன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தளத்தின் முகவரியை அங்கீகார விண்ணப்பத்தில் ஏற்றினேன். ஒருமுறை ஏற்றினால் மாற்ற முடியாது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

2. காடு

மார்கழியில் தாளாளர் காலமானார். காரியம் முடிந்ததும், குளத்தூர் ரோட்டோரப் புன்செய்க் காடு யாருக்கு என்று தொடங்கியது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

டொமைனுக்கு வருடப் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் மஸ்கட்டுக்குப் போயின. ஒரு நாள் காலை தளத்தைக் காணோம்.

“பேரு காலாவதி ஆயிருச்சு சார்,” என்றார் ரபீக். “வீடு அப்படியே இருக்கு. யாரும் உள்ள வர முடியாது. புதுப்பிக்கணும்னா ஓடிபி மஸ்கட்டுக்குத்தான் போகும்.”

வேறு பெயர் வாங்கலாமே என்று இளையவர்கள் கேட்பீர்கள். நானும் கல்வி அலுவலகத்தில் கேட்டேன். “திருத்த வசதி இல்லைங்க. மனு குடுங்க, மேல அனுப்புறோம்” என்றார்கள். அப்படி மேலே அனுப்ப வேண்டிய மனுக்களின் மீதுதான் எங்கள் பதிவு அலுவலகத்தில் டிபன் பாக்ஸ் வைப்போம்.

அண்ணனிடம் பேசுங்கள் என்று சுந்தரத்திடம் சொன்னேன்.

“நான் எதுக்கு சார் பேசணும்? வேணும்னா அவன் இங்கிட்டு வந்து பேசட்டும்.”

நானே மஸ்கட்டுக்குப் பேசினேன்.

“ஒங்க மேல மரியாதை இருக்கு சார்,” என்றார் ராஜேந்திரன். “ரோட்டோரக் காட்ட அவன் விடட்டும். நானும் ஓடிபிய விடுறேன்.”

“பள்ளிக்கூடத்த மூடிருவாங்க தம்பி.”

“எங்கப்பா கட்டுன பள்ளிக்கூடம் சார். எனக்கு வலிக்காதா? அவனுக்கு வலிக்குதான்னு மொதல்ல கேளுங்க.”

டொமைன் விற்ற நிறுவனத்துக்குப் பள்ளியின் அறக்கட்டளைப் பத்திரம், இறப்புச் சான்று, தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் அனுப்பினேன். முதலில் இயந்திரம் நன்றி சொன்னது. பிறகு ஒரு மனிதர் எழுதினார்: பெயர் யாரிடம் பதிவாகியிருக்கிறதோ, அவர் சம்மதிக்க வேண்டும், அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது, அதிலுள்ள பொத்தானை அவர் அழுத்தினால் போதும், அதுவரை கோரிக்கை நிலுவையில் இருக்கும். அவர்கள் விதி சரியானது. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். குற்றம் சொல்லக்கூட ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

3. ஆய்வு

ஆய்வு அதிகாரி வந்தார். கழிப்பறை, மணல் வாளி, வருகைப் பதிவேடு எல்லாம் பார்த்துத் திருப்தியானார். கடைசியில் தன் போனில் பள்ளியின் இணைய முகவரியைத் தட்டினார். உடல் எடை குறைக்கும் மருந்து விளம்பரம் ஒன்று வந்தது.

தலைமையாசிரியர் மேரி டீச்சர் ரபீக்கின் லேப்டாப்பை வாங்கி அதிகாரி முன்னே வைத்தார். “உள்ள எல்லாச் சான்றும் இருக்குங்க மேடம். நீங்களே பாருங்க.”

“இருக்குன்னு எனக்கும் தெரியுதும்மா. அந்த முகவரியில என்ன வந்துச்சோ, அதத்தான் நான் எழுத முடியும்.”

அதையே எழுதினார். அங்கீகாரம் நீட்டிக்கப்படவில்லை.

மே மாதம் முழுவதும் மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். மேரி டீச்சர் கையெழுத்துப் போட்டார். “ஒரே பேர திரும்பத் திரும்ப எழுதுனா, அது யாரோட பேருன்னே தெரியாமப் போயிருது சார்” என்றார். ஒரு தகப்பனார் மட்டும், “அடுத்த வருஷம் தொறப்பீங்கல்ல?” என்று கேட்டார். சுந்தரம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இதை வாசிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் நிறுவனத்தின் மெயிலில், நிறுவனத்தின் எண்ணில் வாங்குங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். வீட்டுக்கு மூத்தவர் யார் என்பது டொமைன் விற்பவர்களுக்குத் தெரியாது.

நார்த்தாமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்று எங்கள் பெஞ்சுகளை எடுத்துக்கொண்டது. லாரியில் ஏற்றுவதை ரபீக் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அது மஸ்கட் வரை போயிருக்க வேண்டும். மறுநாள் டொமைன் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது: பதிவுதாரர் சம்மதம் அளித்துவிட்டார், பெயர் புதுப்பிக்கப்பட்டுப் பள்ளியின் பெயருக்கு மாற்றப்பட்டது, எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா?

தேதி, ஜூன் ஒன்பது. மற்றப் பள்ளிகளெல்லாம் திறந்துவிட்டன.