முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் லென்ஸை வெளிச்சத்தால் அளப்பதில்லை, நீளத்தால்தான் அளப்பார்கள். காதுகுத்துக்குக் குட்டை லென்ஸோடு போய் நின்றால், "என்னய்யா, இம்புட்டுத்தானா?" என்று பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கூடக் கேட்பார். கேட்பவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் தெரிந்த நான் அவருக்குப் பயந்துதான் சின்னமனூரில் இத்தனை வருடம் ஸ்டுடியோ நடத்துகிறேன். வெட்கக்கேடு!

என் மகள் ஷட்டில் ஆடுவாள். தேனி உள்ளரங்கில் அவளுக்கு இறுதிப் போட்டி. பிளஸ் டூ வருகிறது, இதோடு மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரையும் எடுக்குறீகள்ல, நான் ஆடுறத ஒரே ஒரு போட்டோ எடுங்கப்பா" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளங்கையில் அடங்குகிற ஐம்பது எம்எம் லென்ஸை எடுத்து வைத்தார். "உள்ள ஃபிளாஷ் போட விடமாட்டாகண்ணே. இது ஒண்ணு புள்ளி எட்டு, வெளிச்சத்த அள்ளும். வெலையும் கம்மி. கோர்ட்டு ஓரமா ஒக்காந்தாப் போதும்."

அவர் சொன்னது சரி என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் என் கண் போனது, அலமாரியில் முழ நீளத்துக்குப் படுத்துக் கிடந்த ஜூம் லென்ஸின் மேல். மங்கிய வெளிச்சத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. இரண்டு பங்கு விலை கொடுத்து அதைத்தான் வாங்கினேன்.

போட்டியன்று உள்ளரங்கில் மரியாதைக்குக் குறைவில்லை. "போட்டோக்காரருக்கு வழி விடுங்கப்பா" என்று வாசலிலேயே வரவேற்றார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் நாற்காலி, கையில் ரோஸ்மில்க். த்தூ! அந்த நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த என்னை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

மகள் எகிறி எகிறி அடித்தாள். வெளிச்சம் போதாமல் கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் மணல் மணலாய் விழுந்தது. இறக்கினால் ஷட்டர் மெதுவாகி அவளே புகையாய்க் கரைந்தாள். நான் திருகிக்கொண்டே இருந்தேன், அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயித்தது அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன் என் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் பரிசளிப்புப் படங்கள் வந்தன. சால்வை, கோப்பை, விருந்தினரின் மீசை, எல்லாம் துல்லியம்.

"அசையாம நின்னவுக எல்லாரும் நல்லா விழுந்திருக்காகப்பா" என்றாள். "நான் ஆடுனது எங்க?"