இரண்டாவது பேரிங்

சைக்கிள் கடை ஐயாக்கண்ணு மரச்சுத்தியால் மேலும் இரண்டு தட்டு தட்டினார். பேரிங் இறங்கவில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக் குழி சின்னதுங்க அம்மிணி."

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க?"

"நம்மூரு சைக்கிளுன்னா வெறும் குண்டுதான். கிரீஸத் தடவி அடுக்குனா வேலை முடிஞ்சுது. இது ரிசார்ட்டுக்காரன் சைக்கிளு. எவன் செஞ்சானோ."

வெண்ணிலா இறங்காத பேரிங் வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். நேற்றைய பகல் முழுக்க இந்த வளையத்துக்கே போய்விட்டது. மலைப்பாதையில் இருபது வளைவு இறங்கிச் சேலத்தில் ஐந்து சைக்கிள் கடை ஏறினாள். ஒருவன் குண்டுதான் இருக்கிறது என்றான். இன்னொருவன் சைக்கிளையே கொண்டுவரச் சொன்னான். மூன்றாமவன் நம்பர் கேட்டான். நம்பர் இருந்த இடம் எப்போதோ மழுங்கிவிட்டது. கடைசியில் மோட்டார் சாமான் விற்கிறவர் கொண்டுபோன வளையத்தை அளந்து பார்த்து, அதே போல இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இப்போது ஒன்று ஏறிவிட்டது. ஒன்று கையில் இருந்தது.

அந்தச் சைக்கிளில் அவள் ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. டீ கேனைப் பின்னால் கட்டி, போண்டா வாளியை முன்னால் மாட்டி, கிளியூரிலிருந்து எஸ்டேட் களம்வரை தள்ளிக்கொண்டே போவாள். பத்து மணிக்குக் காப்பிப்பழம் எடுக்கிற பெண்கள் கால் மணி நேரம் உட்காருவார்கள். அந்தக் கால் மணி நேரம்தான் அவளுடைய பிழைப்பு. நாளை, திங்கட்கிழமை, இந்த வருடத்துப் பழம் எடுப்பு தொடங்குகிறது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு டீக்குத்தான் இடம் என்று சொல்லியிருந்தார். முதல்நாள் பத்துக்குள் வெண்ணிலா வரவில்லையென்றால் சீசன் முழுக்க அந்த இடம் மொபெட்டில் டீ விற்கும் ஆசிருக்கு.

"ஞாயித்துக்கிழமை சேலத்துல எவன் கடையத் தொறந்து வெச்சிருப்பான்?" என்றாள்.

"ஒருத்தனும் இருக்க மாட்டான்." ஐயாக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரிசார்ட்டுல அன்னைக்கு ரெண்டு சைக்கிளு வித்தாங்க. ஒண்ணு உங்குளுது. இன்னொண்ணு…"

இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

ஆசிர் வீட்டுக்குப் பின்னால் அது நின்றது. சௌசௌ கொடி ஹாண்டில்பாரைச் சுற்றியிருந்தது.

"வாங்கக்கா. பேரிங்குக்குத்தான? ஐயாக்கண்ணண்ணன் காத்தாலருந்து தட்டறது ஏரி வரைக்கும் கேக்குது."

"கிண்டலெல்லாம் அப்புறம் வெச்சுக்க. குடுப்பியா மாட்டியா?"

"பேரிங்க மட்டும் எதுக்கு நோண்டோணும்? சக்கரத்தையே கழட்டிட்டுப் போங்க."

அவளுக்கு ஐயாக்கண்ணு மேல்தான் ஆத்திரம் பொங்கியது. இதை நேற்றே சொல்லியிருந்தால் சேலம் எதற்கு, அந்த ஐந்து கடை எதற்கு.

"ஆனா ஒண்ணுக்கா. டீ உங்குளுது. போண்டாவ எனக்கு உட்ருங்க. ரைட்டரு டீக்குத்தான ஒரு எடம்னாரு."

"இத யோசிச்சு வெச்சிட்டுத்தான் உக்காந்திருந்தியா?"

"எப்படியும் வருவீங்கன்னு தெரியுமுங்க."

"நான் வரலீன்னா ரெண்டும் உனக்குத்தானே. அப்பறம் எதுக்கு இந்தத் தருமம்?"

"கேனோட அந்த ஏத்தத்துல மொபெட்டு நொம்ப மூச்சு வாங்குது. போண்டான்னா பையில தொங்கிக்கும்."

"போண்டாவுலதான் சாமி எனக்கு ஏதோ நிக்குது. டீயி பாலுக்கும் வெறகுக்குமே சரியாப் போயிருது."

"தெரியுமுங்க" என்றான் ஆசிர். ஸ்பேனரை நீட்டினான்.

வெண்ணிலா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கொடியைப் பிய்த்தெறிந்தாள். "சைக்கிளப் புடி" என்றாள்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் களத்துக்கு வந்து சேர்ந்தாள். சக்கரம் சத்தம் போடவில்லை. ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பத்தடித்தபோது ஆசிர் வந்து, போண்டாப் பையை மொபெட்டிலிருந்து இறக்கினான். டீயை வாங்கிக்கொண்ட பெண்கள் வாளி எங்கே என்று கேட்டார்கள். வெண்ணிலா தாடையால் மொபெட்டைக் காட்டினாள். போண்டா பத்து நிமிடத்தில் தீர்ந்தது. டீயில் கால் கேன் மீந்தது. பதினோரு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளியூருக்குத் திரும்பினாள்.