திறக்காத கதவும் ஒரு டீயும்

போன வாரம் குற்றாலத்து மலையடியில், என் தென்னந்தோப்புக்குப் போகும் பாதையில், ஒரு பாறை என் பிக்கப் ஜீப்பின் கதவுக்குக் கீழே தகட்டைக் கிழித்துவிட்டது.

தென்காசி மெக்கானிக் சொன்னார், "அண்ணாச்சி, இனி தோப்புக்கு வண்டியக் கொண்டு போவாதீய. தேங்காயத் தலைச்சுமையா எறக்குங்க."

என்னிடமா சொல்வது? இன்று காலை வீட்டு வாசலிலேயே, பாறை தகட்டில் படாமலிருக்க, இரண்டு கதவுகளுக்கும் கீழே கனமான இரும்புக் குழாய்களைப் போல்ட் போட்டு முடுக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், அளவெல்லாம் கண்பார்வைதான்.

நிமிர்ந்தால் இரண்டு கதவும் திறக்கவில்லை. குழாய் அரை விரற்கடை மேலேறித் தடுத்தது.

"கழத்துங்க, ஊரு சிரிக்கும்" என்றாள் மனைவி.

"சிரிக்கட்டும்ட்டி."

ஜன்னல் வழியாக ஏறித் தோப்புக்கு ஓட்டினேன். அதே பாறை குழாயில் உரசியது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டி நிறையத் தேங்காயோடு நேரே மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் குனிந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் நிக்கி. எறங்குங்க அண்ணாச்சி, டீ குடிப்போம்."

அவர் கண்ணெதிரே ஜன்னல் வழியாக இறங்குவேனா?

"டீய இங்கன கொண்டாரச் சொல்லும்" என்றேன்.

உட்கார்ந்த இடத்துக்கே டீ வரவழைத்துக் குடித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?